போட்டுக்குப் பெயர் வைத்த ஞாயிறு

குருநகர் செபநாயகத்தின் புதிய மீன்பிடிப் படகுக்குப் பெயர் வைப்பதில் குடும்ப வட்சப் குழுவே இரண்டுபட்டுக் கிடந்தது. பாரிஸ் அண்ணைக்கு அந்தோனியார்தான் வேண்டும். கனடா அக்கா மடுமாதாவென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தட்டுப்பாடு தாங்காமல் சனம் தெருவுக்கு இறங்கிய 2022 ஏப்ரலில், ஒரு ஞாயிறு அரசாங்கம் ஊரடங்கும் போட்டு வட்சப்பையும் முடக்கியது. செபநாயகம் அரசாங்கத்தை வாய்நிறையத் திட்டினார். தேநீர் குடித்து முடிக்கையில்தான், காலையிலிருந்து தனக்கு யாருமே புத்தி சொல்லவில்லை என்பது உறைத்தது. என்ன சுகம்! தூரிகையை எடுத்து, முற்றத்தில் நின்ற போட்டின் முன்பக்க அணியத்தில் மனைவியின் பெயரை நீலத்தில் எழுதினார்: மேர்சி.

"இஞ்சருங்கோ, புனிதற்றை பேர் இல்லாட்டிக் கோயில் சுவாமியார் போட்டை மந்திரிச்சு ஆசீர்வதிப்பாரே?" என்றாள் அவள்.

"ஏன், நீ ஞானஸ்நானம் எடுத்தனீதானே?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் தடை நீங்கியதும் போட்டின் படத்தைக் குழுவில் போட்டார். அடுத்த நொடி அண்ணையின் அழைப்பு வந்தது.

"ஆரைக் கேட்டடா எழுதினனீ?"

"கேக்கிறதுக்கு வட்சப் இருக்கேல்லை, அண்ணை."

அதற்குள் அக்காவும் அழைத்தாள். மேர்சி போனைப் பறித்து நிறுத்தி, மா வைக்கும் தகரப் பேணிக்குள் போட்டு மூடினாள்.

"அரசாங்கம் தடையை எடுத்தா எடுக்கட்டும். நான் இன்னும் எடுக்கேல்லை."