எண்ணெய்த் தூக்கு

அந்தக் காலத்தில் திண்டிவனத்துக் கடைத்தெருவுக்கு வெறுங்கையோடு போனவன் வெறுங்கையோடுதான் திரும்பி வர வேண்டும். அரிசிக்குப் பை, மண்ணெண்ணெய்க்குப் புட்டி, தயிருக்குச் சொம்பு என்று எல்லாம் வீட்டிலிருந்தே வர வேண்டும். செக்கு வைத்திருந்த கோதண்டபாணிச் செட்டியாருக்கு ஆட்களின் முகத்தைவிட அவர்கள் கொண்டுவரும் பாத்திரங்கள்தான் நன்றாகத் தெரியும். அடி நசுங்கிய பித்தளைத் தூக்கு என்றால் வெள்ளையம்மாள். பாத்திரத்தை மறந்துவிட்டு வந்தவர்களை, "எண்ணெய முந்தானையில முடிஞ்சிக்கினு போறியா?" என்று கிண்டல் பண்ணித் திருப்பி அனுப்புவார்.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். தெருவில் குப்பை சேராது. ஆனால் தாலியறுத்த வெள்ளையம்மாளுக்கு அதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. கடைக்குப் போகும்போது கையில் இருப்பது காலிப் பாத்திரம். காலிப் பாத்திரம் எதிரே வந்தால் புறப்பட்ட காரியம் உருப்படாது என்பது ஊரார் கணக்கு. அதைக் கொண்டுவருபவள் விதவையாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சரி, வாங்கிக்கொண்டு திரும்பும்போதாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. எண்ணெய் எதிரே வந்தாலும் ஆகாதாம். குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம்தான். புருஷன் செத்த நாளிலிருந்து அவள் தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றித்தான் செக்கடிக்குப் போய்வந்தாள். யாராவது வெளியூர் கிளம்புவது தெரிந்தால் சுவரோரம் ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வருஷக்கணக்கில் ஒதுங்கி ஒதுங்கி அது அவள் உடம்போடு ஊறிப்போய்விட்டது.

சீனாக்காரனோடு சண்டை மூண்ட ஐப்பசி மாதம் அது. பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அவளுடைய ஒரே மகன் தாண்டவராயனுக்கு உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்தது.

"ஒடம்பு சரியில்லன்னு பதில் தந்தி அடிச்சிடுடா. ஒருத்தன் போவலன்னா சண்டையா நின்னுடப் போவுது?" என்றாள் வெள்ளையம்மாள்.

"எல்லாரும் இப்பிடியே படுத்துக்கினா யாரும்மா போறது? நான் போவணும்."

பேச்சு வளர்ந்தது. சாயங்காலம் தொடங்கியது விளக்கு வைத்த பிறகும் ஓயவில்லை. கடைசியில் அவள், "போறதா இருந்தா என் மூஞ்சியில முழிக்காம போ!" என்று கத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பெற்ற வயிறு எரிந்து சொன்ன வார்த்தைதான். சொன்ன கையோடு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் எழுந்து வந்து, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. எந்தத் தாய்க்குத்தான் அது சுலபமாக வருகிறது?

விடிந்ததும் அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் முறுக்குக்கு மாவு பிசைந்தாள். வாயால் சொல்ல முடியாததை முறுக்காகச் சுட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. கிளம்பும்போது தலையைத் தடவி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் மனசும் ஆறிவிடும். சட்டி வைக்கப் போனால் வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை. அவனுக்கு மத்தியான வண்டிதானே, நேரம் இருக்கிறது என்று தூக்கை எடுத்துக்கொண்டு சந்து வழியாக ஓடினாள்.

செக்கடியில் அன்றைக்குப் பார்த்து எண்ணெய் தெளியவில்லை.

"செத்த நேரம் குந்து வெள்ளையம்மா. கசடோட ஊத்திக் குடுத்தா பொங்கி வழியும்" என்றார் செட்டியார். புண்ணாக்கு மூட்டைகளின் ஓரமாக அவள் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தோளில் பையோடு தாண்டவராயன் வந்துகொண்டிருந்தான். கூடவே அதே பட்டாளத்தில் இருந்த பக்கத்துத் தெரு துரைக்கண்ணு. "ஜல்தி வாடா! காலை வண்டியிலயே பட்டாளத்துக்காரங்கள ஏத்தறாங்களாம்" என்று அவனை இழுத்துக்கொண்டு வந்தான்.

வெள்ளையம்மாள் பதறி எழுந்தாள். கையில் காலித் தூக்கு. சண்டைக்குக் கிளம்பிவிட்ட பிள்ளை எதிரே. சட்டென்று மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

"செட்டியாரே, எங்கம்மா இங்க வந்துச்சா? வூட்ல காணோம்" என்று தாண்டவராயன் வாசலில் நின்று கேட்டான்.

செட்டியார் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைப் பலமாக ஆட்டி, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கும் சகுனம் தெரியும். "வரலியேப்பா" என்றார்.

தூக்கை மூலையில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். தூக்கைக் கீழே போடலாம், வெறும் நெற்றியை எங்கே போடுவாள்? தன் துரதிர்ஷ்டம் பிள்ளைமேல் படக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். தாண்டவராயன் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தான். அப்புறம் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மூட்டைச் சந்து வழியாக அவன் முதுகைத்தான் அவளால் பார்க்க முடிந்தது.

கார்த்திகை முடியுமுன் அவன் செத்துப்போன செய்தி வந்தது. அவ்வளவு ஜாக்கிரதையாக ஒதுங்கி நின்றும் என்ன ஆயிற்று? ஒரு பயனும் இல்லை. சாவு யார் முகத்தையும் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

பனியில் கால்விரல்களைப் பறிகொடுத்த துரைக்கண்ணு மாசியில் ஊர் திரும்பினான். கோல் ஊன்றிக்கொண்டு முதலில் வெள்ளையம்மாள் வீட்டுக்குத்தான் வந்தான்.

"பெரிம்மா, வண்டி கிளம்பற வரிக்கும் ரோட்டையே பாத்துக்கினு இருந்தான். நீ வருவேன்னு" என்றான் துரைக்கண்ணு.

கோலைச் சுவரில் சாத்திவிட்டு மேலும் சொன்னான்.

"எங்கம்மா சொன்னா சொன்னதுதான்டா, மூஞ்சியக் காட்டாமயே அனுப்பிடுச்சின்னு சொல்லிக்கினே இருந்தான். அங்க பனியில குந்திக்கினு இருக்கும்போதும் அதே பேச்சுதான். நான் மொதல்ல ஊருக்குப் போனா ஒன்ன ஒண்ணு கேக்கச் சொன்னான்."

"என்னடா?"

"அம்மாவுக்குக் கோவம் தணிஞ்சிடுச்சான்னு கேளுடான்னான்."

வெள்ளையம்மாள் பாய்ந்து அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"கோவமே இல்லடா சாமி! அங்கதான்டா இருந்தேன், மூட்ட பின்னால. அவனுக்கு நல்லது நடக்கணும்னு ஒளிஞ்சிக்கினு நின்னேன்டா. கோவம் இல்லன்னு அவங்கிட்ட சொல்லிடுடா. மறக்காம சொல்லிடு!"

தாண்டவராயனைத் தன் கையாலேயே பனியில் புதைத்துவிட்டு வந்தவன் துரைக்கண்ணு. அவள் பிடியை விடுவித்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

"சொல்றேன் பெரிம்மா" என்றான்.