முருங்கை மரத்தடியில் ஒரு ஞாயிறு

மஸ்கட்டில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்த ஜமீலா, காட்டுப்பாக்கத்துச் சொந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள். பங்குனி வெயிலில் கொல்லை முருங்கை பூத்துக் குலுங்கியது. அதன் தாழ்ந்த கிளையில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியிருந்தது. காலையில் டீயோடு அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஆசிக் மனைவி பர்வீனோடு விருந்துக்கு வந்தான்.

"இந்த மரத்த வெட்டிட்டா, நாங்க வர்றப்ப என் காரை உள்ள உடலாம்க்கா. ஆளுக்குச் சொல்லிட்டேன், இப்ப வந்துருவான்."

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"தனியாக் கீற, உனக்கு இன்னாத்துக்கு இந்தக் குப்பை?"

ஜமீலா நாற்காலியை இழுத்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். "இது நான் சம்பாரிச்சு வாங்குன ஊடு. எவன் வெட்றான்னு பாக்குறேன்."

கத்தியோடு வந்த ஆள் அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டான். ஆசிக் கோபத்தில் கார் சாவியை எடுத்தான்.

"நீங்க போங்க," என்றாள் பர்வீன், கூட்டிலிருந்து எட்டிப்பார்த்த குஞ்சிடமிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சாப்ட்டு பஸ்ல வரேன்."

ஆசிக் சாவியைப் பையில் போட்டான். பிறகு முனகிக்கொண்டே இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தான்.

"கூட்டை மறைக்காம, தள்ளிப் போட்டு உக்காரு," என்றாள் ஜமீலா.