பதினேழு கிலோ நானூறு கிராம்

1989 ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டச்சர் தமிழ்செல்வியின் தலைவலி பதினேழு கிலோ நானூறு கிராம் இருந்தது. திருவண்ணாமலையில் வேர்க்கடலை மண்டி நடத்திய அருணகிரி, மூட்டை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றிப் பார்த்துச் சொன்னது அது. வலியில்லாத நாளில் அவள் நாற்பத்தாறு கிலோதான். அருணகிரி வியக்கவில்லை. "மழையில நனஞ்சா மல்லாட்ட மூட்டகூட ஏறுதுங்க" என்றபடி எடையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை. மாதத்தில் மூன்று நாள் வெளிச்சம் பட்டாலே வாந்தியெடுத்து முடங்கிக் கிடந்தவளை, அலுவலக மேலாளர் கோதண்டராமன் டிமிக்கி கொடுப்பவள் என்று எழுதி மூன்று டாக்டர்களிடம் அனுப்பியிருந்தார். ஜலதோஷத்துக்கு மேல் எதையும் பட்டறியாத அந்த மூவரும், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். எட்டு என்றாள். எட்டென்றால் அழுதிருக்க வேண்டும், அழவில்லை, எனவே இரண்டு என்று முடிவாயிற்று. முந்தின மாதம் இன்னொருத்தி அழுதிருக்கிறாள். அதை நடிப்பு என்று எழுதியிருந்தார்கள்.

"மடியில கல்ல கட்டிக்கினு ஏறியிருப்ப" என்றார் கோதண்டராமன், அருணகிரியின் சீட்டைப் பார்த்து. தராசையும் அருணகிரியையும் அலுவலகத்துக்கே வரவழைத்தார். அடுத்த வலியன்று எல்லார் முன்னாலும் ஏறினாள். பத்தொன்பது கிலோ தொள்ளாயிரம் கூடியிருந்தது. அறிவாளியான மேலாளர் உடனே, இருபது கிலோவுக்குக் குறைந்தது தலைவலி ஆகாது என்று ஒரு சுற்றறிக்கை போட்டார். அதையும் அவளே தட்டச்சு செய்தாள், காலடியில் வாளியை வைத்துக்கொண்டு. ஒரு பிழையும் விழவில்லை.

தனக்கும் தினம் தலைவலிதான், அதற்காக லீவா கேட்கிறார் என்று காட்ட, கோதண்டராமன் தலையைப் பிடித்தபடி தராசில் ஏறினார். வழக்கத்தைவிட இருநூறு கிராம் இறங்கிக் காட்டியது.

"தராசு கோளாறுய்யா."

"தராசு சரியாத்தாங்க இருக்குது" என்றார் அருணகிரி. "உங்க தலையிலதான் சரக்கு கொஞ்சம் கம்மி."

சுற்றறிக்கை மறுநாளே காணாமல் போயிற்று. அதன் பின் அவள் லீவு எழுதினால் யாரும் வாய் திறக்கவில்லை. மேலாளர் ஓய்வு பெற்றார். பாராட்டு விழாவில் அவரை எல்லாரும் புகழ்ந்தார்கள், அதற்கென்ன செலவு.

2003இல் அவளைக் கீழ்பென்னாத்தூருக்கு மாற்றினார்கள். ஒருநாள் வழியிலேயே வலி வந்து, பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "தலைக்கு லக்கேஜ் போடணும்மா" என்றார். அவள் லக்கேஜ் சீட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு, பக்கத்தில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தவரிடம் சீட்டைக் காட்டினாள்.

"லக்கேஜுக்கு எடம் வேணுங்க. எழுந்திருங்க."

அவர் எழுந்து நின்றார். தமிழ்செல்வி அந்த இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.