கோப்பிக்கு வைத்த ஈரல்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பால் இறங்கி முடிந்ததும் தாமரை கணவரின் மூக்குக் குழாயைக் கழுவி மூடிவிட்டு, ஃபிரீசரிலிருந்து முன்பே எடுத்துவைத்த கோழி ஈரலை நறுக்க உட்கார்ந்தாள். மலேசியாவின் கிள்ளானில் அந்த வீட்டில் இறைச்சி தின்ன இப்போது ஒரு உயிர்தான் இருந்தது. கோப்பி. நான்கு மாத நாய்க்குட்டி. அப்பாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகள் வாணி கோலாலம்பூர் பங்சாரில் தன்னோடு வேலை செய்யும் தோழியிடமிருந்து வாங்கிவந்து விட்ட குட்டி.

அப்பா கன்னையா முப்பது வருடம் லோரி ஓட்டியவர். எந்த ஊரில் எந்தக் கடையில் ஆட்டு ஈரல் வறுவல் நன்றாக இருக்கும் என்பதை வைத்துத்தான் சாலைகளையே ஞாபகம் வைத்திருந்தார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போயின. பேச்சு ஒன்றிரண்டு சொற்களாகச் சுருங்கியது. விழுங்கவும் முடியவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குக் குழாய் வழியாக மாவுப்பால். தாமரை சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினொரு மாதமாக அவர் நாக்கில் எதுவும் பட்டதில்லை.

கோப்பிக்கும் வேளாவேளைக்கு ஒரே சாப்பாடு, பையில் வரும் காய்ந்த உருண்டைகள். தடுப்பூசிக்குப் போனபோது வாணி நாய் டாக்டரிடம் பச்சை இறைச்சி கொடுக்கலாமா என்று கேட்டாள். எப்போதாவது கொஞ்சமாகக் கொடுக்கலாம், சில நாள் உறையவைத்துக் கொடுங்கள், உப்பும் மசாலாவும் மட்டும் கூடாது என்றார் அவர். அப்படித்தான் ஞாயிறுதோறும் ஈரல் வந்தது.

முதல் ஞாயிறே கன்னையா இடது கையை நீட்டித் தட்டைக் கேட்டார். தாமரை அதை அவர் மடியில் வைத்தாள். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகக் கீழே போட்டார். குட்டி காற்றிலேயே பிடித்து விழுங்கியது. அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

நான்காம் ஞாயிறு துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது கோப்பி அண்ணாந்து காத்துக்கொண்டிருந்தது. துண்டு எதுவும் விழவில்லை. கன்னையாவின் தாடை அசைந்துகொண்டிருந்தது. உதட்டோரத்தில் சிவப்பு.

தாமரை ஓடிப்போய் அவர் வாய்க்குள் விரலை விட்டாள். அவர் கடித்தார், வலிக்கும்படியே கடித்தார். அவள் கையை இழுத்துக்கொண்டதும் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க விழுங்கினார். இருமல் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உப்பு இல்ல," என்றார் அவர். பல மாதங்களில் அவர் அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

அவள் வாணியிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கினாள். குட்டியின் தொண்டை சின்னது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, காயப்போடத் துணி இல்லாத நாளிலும் பின்கட்டுக்குப் போனாள். வேகவைத்துக் கொடுத்தால் அது அவருக்குக் கொடுத்ததாகிவிடும். பச்சையாக இருக்கும்வரை அது நாயுடையது. அவள் அறியாமல் அவர் எடுத்துத் தின்றால் அவள் என்ன செய்வாள்? இப்படி மூன்று ஞாயிறு போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு, ஈரலில் பாதியைத் தனி டப்பாவில் எடுத்து மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்தாள். அதில் கொஞ்சத்தைத் தட்டில் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். நுரையீரலுக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது, வாய்வழியாக என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, பால் மட்டும்தான், அதுவும் குழாயில்தான் என்றாள் தாமரை.

குட்டிக்குச் சாப்பாடு வைக்க வீட்டுக்குப் போன வாணி சாயங்காலம் திரும்பி வந்து, வார்டுக்கு வெளியே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஃபிரிட்ஜில ரெண்டு டப்பா இருந்துச்சு மா. நாய்க்கு எதுக்கு உப்பு?"

தாமரை கடிபட்ட விரலைத் தடவிக்கொண்டிருந்தாள். தழும்பு இன்னும் இருந்தது.

"கேட்டாருடி," என்றாள். "இத்தன மாசத்துல அது ஒண்ணுதான் கேட்டாரு."

"டாக்டர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

தாமரையே போய்ச் சொன்னாள். மலாய் மொழியில் 'ஈரல்' என்ற சொல் சட்டென்று வரவில்லை. தன் வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கன்னையா வீட்டுக்கு வந்தார், பாதி ஆளாக. மிச்சமிருந்த ஒன்றிரண்டு சொற்களும் போய்விட்டன. வார்டில் இடது கையால் மூக்குக் குழாயை இரண்டு தடவை பிடுங்கிவிட்டார் என்று அந்தக் கைக்கு வெள்ளையாகத் தடித்த உறை ஒன்று மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டி அனுப்பியிருந்தார்கள். குளிப்பாட்டும்போது தவிர அவிழ்க்கக் கூடாது. வாணி ஃபிரீசரைக் காலி செய்தாள். இனி குட்டிக்கு உருண்டை மட்டும்தான் என்றாள். அம்மாவைப் பார்த்து அதைச் சொல்லவில்லை, ஃபிரிட்ஜின் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக வாணி சொல்லியிருந்தாள். அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. கோப்பி தன் கிண்ணத்து உருண்டைகளைத் தொடாமல் வந்து நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தது. கன்னையாவின் உறை போட்ட கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து தொங்கியது. குட்டி எழுந்து அதை முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. துணி நனைந்து சாம்பல் நிறமானது. உள்ளே விரல்கள் மெல்ல மடங்கி விரிவது வெளியே தெரிந்தது.

அவர் அந்தக் கையைத் தூக்கித் தாமரையிடம் நீட்டினார். முகத்தில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை. வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தார், கனம் தாங்காமல் கை தாழும்வரை.

தாமரை தரையில் உட்கார்ந்து அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். நாடா ஈரத்தில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. நகத்தை அதன் அடியில் நுழைத்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். கோப்பி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.