மூக்கு மரத்த அணுக்கள்

நெரிடாவுக்கு வலது கட்டைவிரல் மணிக்கட்டுவரை தெறித்தது. காலையிலிருந்து நீர் உறிஞ்சிச் சொட்டும் பிப்பெட்டை அமுக்கிய வலி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இடுப்பொடிய உழைத்தார்; மகள் மெல்பர்ன் ஆய்வகத்தில் உட்கார்ந்த இடத்தில் விரலொடிய உழைத்தாள். பட்ட வலிக்காவது பலன் உண்டா என்றால், அதுவும் இல்லை.

தட்டில் சல்லடைக்கு மேலே, நோயாளி டெஸ்ஸின் ரத்தத்திலிருந்து பிரித்த, புற்றைத் தாக்கும் கொல்லி அணுக்கள். கீழே அவருடைய தோல் புற்றுக்கட்டி ஊறிய நீர். கட்டி கசியவிடும் ரசாயனத்தை மோந்துகொண்டு அணுக்கள் துளைவழியே இறங்கவேண்டும். இறங்கினால்தான் டாக்டர் அவரைப் புது மருந்துச் சோதனையில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமை கெடு. ஒன்றுகூட இறங்கவில்லை. செத்தும் தொலையவில்லை, கொழுகொழுவென்று மேலேயே கிடந்தன.

"லாக்லன், நேத்து சாயங்காலம் இதுங்களுக்கு என்னப்பா ஊத்துன?"

எதிர் மேசைக்காரன் நிமிர்ந்தான். "கட்டி ஊறுன தண்ணிதான். வாசனை பழகட்டுமேன்னு..."

"பழகட்டுமா? மீன் மார்க்கெட்லயே படுத்துக் கிடந்தவனுக்குக் காலைல மீன் நாத்தம் தெரியுமாடா? மூக்கையெல்லாம் உள்ள இழுத்துக்கிச்சுங்க!"

"கழுவி வெச்சா திரும்ப நீட்டும்ல?"

"நீட்டலாம். அந்த 'லாம்'ஐ நம்பி டாக்டர் ஒரு மனுஷனைச் சேக்கவா, தள்ளவா?"

"அப்ப மிச்ச அணுவைப் போடு."

"மிச்சமா? ஏது?"

"கொஞ்சம்கூட உறைய வெக்கலையா? மொத்தத்தையும் ஒரே தட்டுல கொட்டிட்டு என்னைத் திட்டற!"

கொட்டியது அவள்தான்.

ஃபோனை எடுத்தாள். டெஸ் உருளைக்கிழங்கு விவசாயி. ஊர் இரண்டு மணி நேரத் தொலைவு.

"டெஸ், இன்னொரு தடவை ரத்தம் வேணும்."

"போன தடவை எடுத்ததை என்னம்மா பண்ணீங்க? ரத்த சாஸேஜ் போட்டுத் தின்னுட்டீங்களா?"

"தப்பு எங்க மேலதான்."

"அது கிடக்கட்டும். என் ரத்தத்து ஆளுங்க வேலைக்குப் போனானுங்களா, இல்லையா?"

"தெரியலை டெஸ்."

மறுமுனையில் இருமல் அடங்க நேரம் பிடித்தது. "நாளைக்குக் கிழங்கு லாரி அங்கதான் வருது. ஏறிக்கறேன். இந்தத் தடவையாவது நரம்பைத் தேடிக் குத்தச் சொல்லு."

லாக்லன் புதுத் தட்டின் உறையைக் கிழித்தான். நெரிடா விரலைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டினாள்.

அணுக்கள் இறங்குமா, இறங்காதா? வாங்கிய ரத்தத்துக்கு டெஸ்ஸிடம் சொல்லவேண்டிய அந்த ஒரு பதில் இன்னும் பாக்கி.