உங்கப்பன்கிட்டச் சொல்லு

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ். முன் சீட்டில் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, நடுவில் ஒரு கைக்குழந்தை. அவள் குழந்தையிடம் சொன்னாள்: "கண்ணு, உங்கப்பன்கிட்டச் சொல்லு. வெயிலு மூஞ்சியில அடிக்குது, அந்தப் படுதாவ எறக்கி வுடச் சொல்லு."

அவனும் குழந்தையிடமே சொன்னான்: "படுதா அறுந்து தொங்குது, கண்ணத் தொறந்து பாக்கச் சொல்லு உங்கம்மாள."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். குழந்தை மட்டும் எச்சில் ஒழுக, அப்பன் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. இந்தக் குழந்தை தூங்கிப்போனால் இவர்கள் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?

கதை அவ்வளவுதான். [இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் சிரித்த சிரிப்பாவது மிஞ்சியிருக்கும்.]

2

முதல் ஆரம்பம் இப்படி வந்தது: "விடியற்காலைப் பனியில் குடிசைகளின் மேல் அடுப்புப் புகை மெல்லப் படர்ந்து"

அடித்துவிட்டேன். அது ஈர விறகுப் புகை. அதில் கண் எரிந்து வளர்ந்தவனுக்குப் புகை மெல்லப் படராது.

இரண்டாவது ஆரம்பம்: "குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பில் வீடே நிறைந்து"

எந்த வீடு? நாலு மூங்கில், மேலே விழல் புல், சுற்றிலும் சிமெண்டுச் சாக்கு. நிறைவதற்கு அங்கே என்ன இடம் இருக்கிறது? குழந்தையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகத் தேனில் இறங்கிவிடுகிறது. துடைத்துத் துடைத்து எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவதை விட்டுவைத்திருக்கிறேன். அதில் அழகு ஒன்றும் இல்லை:

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெங்கடம்மாள் அங்கே ஜல்லிக்கூடை சுமந்தாள். அவள் புருஷன் தீர்த்தகிரி பாறையில் குழி அடித்து வேட்டு வைத்தான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. குப்புற விழப் பழகியிருந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை.

3

ஏன் பேச்சு நின்றது என்று சொல்லியாக வேண்டும்.

வெங்கடம்மாள் பாகலூர்ப் பக்கம், வீட்டில் தெலுங்கு. தீர்த்தகிரி ஊத்தங்கரைக்காரன், தமிழைத் தவிர வேறு வராது. வேலைத்தலத்தில் பார்த்துப் பிடித்துப்போய் யாரையும் கேட்காமல் தாலி கட்டிக்கொண்டவர்கள். அவள் வீட்டில் தலை முழுகிவிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் அண்ணன் திம்மராயனுக்கு மனசு இறங்கியது. ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாகலூரிலிருந்து வந்து சேர்ந்தான். குழந்தையை மடியில் வாங்கி, உச்சி முகர்ந்து, கொஞ்ச நேரம் அழவும் செய்தான்.

வெங்கடம்மாள் கோழியை அடித்துக் குழம்பு வைத்து, களி கிண்டிப் போட்டாள். பதற்றத்தில் களி குழைந்துவிட்டது. தீர்த்தகிரி விரலால் தொட்டுப் பார்த்தான்.

"என்னாடி இது? களியா, செவுத்துக்குப் பூசுற மண்ணா?"

தட்டைத் தள்ளிவிட்டான். தட்டு உருண்டு போய் மச்சான் முட்டியில் இடித்து நின்றது. திம்மராயன் வாய்க்குக் கொண்டுபோன உருண்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். கையைக் கழுவினான். "நல்ல எடமாத்தான் பாத்து வந்து வுழுந்திருக்கிற தாயி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான்.

அன்றிலிருந்து அவள் புருஷனோடு பேசவில்லை. ஆனால் ஒரே அடுப்பு, ஒரே பாய், ஒரே தூளி. எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? குழந்தையிடம் சொன்னாள்.

"பாப்பா, உங்கப்பன்கிட்டச் சொல்லு. களி சட்டியில இருக்குது. மண்ணுன்னா திங்க வாணாம்."

"பாப்பா, உங்கம்மாகிட்டச் சொல்லு. மண்ணு தின்னு பழகிப்போச்சு. கொழம்ப ஊத்தச் சொல்லு."

சாக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடிசையிலிருந்து குரல் வரும்: "இந்தப் பாப்பா பெரிசானா வக்கீலுக்குத்தான் படிக்கும் போ!"

அவள் தனக்காகக் குழந்தையைக் கொஞ்சினால் தெலுங்கில் கொஞ்சுவாள். அவன் காதில் விழவேண்டியதைத் தமிழில் சொல்வாள். குழந்தை இரண்டுக்கும் ஒரே மாதிரி வாயைப் பிளந்து சிரிக்கும்.

4

தீர்த்தகிரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதலில் எழுதியபோது அவனைக் குடிகாரனாக்கியிருந்தேன். குடிகாரனாக்கினால் எனக்கு வசதி. நடக்கப்போவதை எல்லாம் அவன் தலையில் கட்டிவிட்டு நானும் நீங்களும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாம். ஆனால் அவன் குடிக்கிறவன் இல்லை. வேட்டு மருந்து தொடுகிறவர்களுக்கு அதன் வீச்சமே தலையைப் பிளக்கும். சாயங்காலம் துண்டால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் குடிசைக்குள் வருவான். வந்ததும் சாம்பலும் மண்ணும் போட்டு முழங்கை வரைக்கும் கையைத் தேய்ப்பான். தேய்க்காமல் குழந்தையைத் தொடமாட்டான். தூளிக் கயிறு மூங்கிலில் உரசிக் கிறீச்சிடுகிறது என்று தன் தலைப்பாகைத் துணியைக் கிழித்துச் சுற்றியவன் அவன்தான்.

இப்படி ஒருத்தன், மச்சான் முன்னால் தட்டை ஏன் தள்ளினான்? எனக்குத் தெரியவில்லை. என் அப்பாவும் தள்ளியிருக்கிறார். அவருக்கும் தெரிந்திருக்காது.

5

இனி அபினி.

[முகம் சுளிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அணையடியில் தூளி கட்டியிருந்தவர்கள் யாரும் சுளிக்கவில்லை. குழந்தை அழுகிறபோதெல்லாம் கூடையை இறக்கிவிட்டு ஓடினால் மேஸ்திரி மறுநாள் வேறு ஆளை நிறுத்துவான். அதனால் காலையில் கொஞ்சம் அபினியைப் பாலில் கரைத்து நாக்கில் தடவுவார்கள். உச்சி வேளை வரை தூக்கம். எனக்கும் தடவித்தான் வளர்த்தார்கள். இந்த எழுத்தில் அங்கங்கே காணும் மந்தத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.]

அந்த வீட்டில் அதைக் காலையில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர்கள் கொடுப்பார்கள். கொடுத்தவர், மற்றவர் தூங்கினாலும் எழுப்பி ஒரு வார்த்தை சொல்வார்: "ஆச்சு." அவ்வளவுதான் பேச்சு. சண்டை வந்த பிறகும் அது நிற்கவில்லை. "பாப்பாவுக்கு ஆச்சு" என்று அவள் தூளியைப் பார்த்து உரக்கச் சொல்வாள். அவன் கனைப்பான்.

ஒரு சாயங்காலம் அவன் வழக்கத்தைவிட மோசமான தலைவலியோடு வந்தான். அவள் அடுப்படியிலிருந்து, "பாப்பா, உங்கப்பன்கிட்டச் சொல்லு. வெளக்குக்கு எண்ணெ தீந்துபோச்சு" என்றாள்.

"அதுகிட்ட எதுக்குடி சொல்ற?" அவன் நேராக அவளைப் பார்த்தே கத்தினான். "அதுக்குப் பல்லுகூட மொளைக்கல. கோழி தூக்கிக்கினு வந்தானே உங்கண்ணன், அவன்கிட்டப் போயிச் சொல்லு!"

அதற்குப் பிறகு குழந்தையிடமும் அவனுக்கான தமிழ் நின்றுபோனது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன் அவள் எழுந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அபினியைக் கரைத்து நாக்கில் தடவினாள். "ஆச்சு" என்ற சொல் நாக்குவரை வந்தது. விழுங்கினாள். குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

தூளி அசைந்தது. குழந்தை சிணுங்கியது. அபினி தலைக்கு ஏறும் முன் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் சிணுங்கும். தீர்த்தகிரி விழித்துக்கொண்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் கொடுக்கவில்லை. அவனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. என் மேல் இருக்கிற வீம்பை இதுகிட்டக் காட்டுறா பாரு என்று மனசுக்குள் திட்டினான். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கரைத்தான். தடவினான். குழந்தை அவன் விரலைச் சப்பியது.

ஆறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். அவள் குடத்தோடு திரும்புவதற்குள் அவன் பாறைக்குப் போய்விட்டான்.

இதை வெங்கடம்மாள் பார்க்கவில்லை. பார்த்தது நானும் நீங்களும் மட்டும்தான்.

6

உச்சி வேளையில் வேட்டு. சிவப்புக் கொடி ஏறும், விசில் ஊதும், எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள். தீர்த்தகிரி திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவருவான். பாறை வெடித்ததும் அந்தக் கோடியில் புங்க மரங்களில், பெண்கள் காலையில் பிள்ளையோடு கொண்டுவந்து கட்டுகிற தூளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீரிட்டுக் கத்தும். பெண்கள் சிரித்துக்கொண்டே வெங்கடம்மாளை இடிப்பார்கள்: "உம் புருசன் எழுப்பி வுட்டாண்டி எங்க பிள்ளைங்கள! வந்து தூங்க வெச்சுட்டுப் போவச் சொல்லு!"

அன்றும் வெடித்தது. தூளிகள் கத்தின. அந்தச் சத்தத்துக்கே வெங்கடம்மாளுக்கு மார் கட்டிக்கொள்ளும். அன்றும் பால் சுரந்து முந்தானை நனைந்தது. கூடையை இறக்கிவிட்டு மரத்தடிக்கு நடந்தாள். இத்தனை அழுகையிலும் தன் பிள்ளையின் அழுகை ஒரு தாய்க்குத் தனியாகக் கேட்கும். அன்று கேட்கவில்லை.

தூளிகளைப் பார்த்துக்கொள்கிற வஜிஹா முன்னே ஓடிவந்தாள். கல் விழுந்து கை ஊனமானதால் அந்த வேலைக்குப் போடப்பட்டவள்.

"ஏ வெங்கடம்மா, ஓடியா! உம் பாப்பா வேட்டுக்கும் முழிக்கல. தண்ணி தெளிச்சேன், அசையல. மூச்சு வுட்டு வுட்டு வருது. எப்பக் குடுத்த?"

"விடியக்காலையில அக்கா. தெனம் குடுக்கிறதுதான்."

"ஒரே தபாதான?"

"ஒரே தபாதான் அக்கா. எம் பிள்ள மேல சத்தியமா."

வஜிஹா ஜல்லி லாரியை மறிக்க ஓடினாள். தீர்த்தகிரி பாறையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவனிடமும் அதைக் கேட்கிறவர் யாரும் அங்கே இல்லை. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மேஸ்திரி மட்டும், "ரெண்டு பேருமா போவணும்? யாராச்சும் ஒருத்தர் போனாப் போதாதா?" என்றான். இரண்டு பேரும் லாரியில் ஏறினார்கள்.

7

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரியில் குழந்தை கண் திறக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். திம்மராயன் இன்னொரு கோழியோடு வருகிறான். குழந்தைக்குப் பெயர்

போதும். எனக்கே கூச்சமாக இருக்கிறது. கண் திறந்தாலும் மறுநாள் காலையில் கூடை இருக்கும், அபினி இருக்கும், அந்தத் தூளியும் இருக்கும். அதை யார் எழுதுவது?

முடிவு இரண்டு: திறக்கவில்லை. இதை எழுதுவது நீங்கள் நினைக்கிறதைவிடச் சுலபம். ஆற்று மணலில் சின்னக் குழி போதும். வேட்டுக்குக் குழி அடிக்கிற கை, அரை நாழிகை வேலை. எழுதியும் முடித்தேன். ரொம்ப நன்றாக வந்திருந்தது. அந்த நன்றாக வந்ததுதான் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டில் எது என்று தீர்மானமாவது ஆஸ்பத்திரியில் இல்லை, லாரியில். டாக்டர் எத்தனை தரம் கொடுத்தீர்கள் என்று கேட்பார். ஒரே தரம் என்று அவள் சத்தியம் செய்வாள். பொய்யில்லை. அவனும் ஒரே தரம்தான் என்பான். அவன் வாயைத் திறந்தால். இரண்டு தரம் என்று தெரிந்தால் டாக்டர் ஒன்று செய்வார். வேறு ஏதோ நோவு என்று நினைத்தால் தேடிக்கொண்டே நேரத்தை விட்டுவிடுவார்.

8

லாரியில் ஜல்லிக் குவியல் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை அவள் மடியில். ஒரு மூச்சு வருகிறது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. வருகிறது.

தீர்த்தகிரி இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்திருக்கிறான். இப்பக்கூடத் தொட மாட்டேங்கிறான் பாவி என்று வெங்கடம்மாள் நினைக்கிறாள். அவனோ, காலையில் எவ்வளவு தேய்த்தும் விரலிடுக்கில் வேட்டு மருந்து ஒட்டியிருந்து அதுதான் பிள்ளையின் நாக்கில் இறங்கிவிட்டது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறான். இப்போது கையெல்லாம் மருந்து. கழுவ நேரமில்லை. அதனால்தான் தொடவில்லை. தான் கொடுத்ததைச் சொன்னால் இவள் தன்னைக் கொலைகாரன் என்பாள் என்று பயம் அவனுக்கு.

அவளுக்கும் அதே பயம்தான். நான் கொடுத்ததுதானே, வேறு யார் கொடுத்தது? கை கொஞ்சம் கூடிப்போயிருக்குமோ? இவனிடம் எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு அது புரிந்துவிட்டது. ஆனால் அவனிடம் நேராகப் பேசி எவ்வளவோ நாளாகிறது. வாய் பழகின வழியிலேயே போகிறது. குனிந்து குழந்தையின் காதருகே தமிழில் சொல்கிறாள்:

"பாப்பா, உங்கப்பன்கிட்டச் சொல்லு, காலையில நான்"

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. குழந்தையின் தலை துவண்டு அவள் கையிலிருந்து வழிகிறது. அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

சொல்லியனுப்ப அங்கே ஆள் இல்லை. குழந்தை தூங்குகிறது. அவள் கொடுத்ததும் அவன் கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். லாரி ஊருக்குள் நுழைகிறது, ஆஸ்பத்திரி அடுத்த திருப்பத்தில்.

நீங்கள் சொல்லுங்கள், அவனிடம்.