வேலிக்கு அப்பால்

ஷூ கம்பெனி வேலையாக இங்கிலாந்து போன மதியழகன், கடலோரச் சுண்ணாம்புப் பாறையின் உச்சியிலிருந்து ஆம்பூரில் இருக்கும் மனைவி தேவகிக்கு வீடியோ கால் போட்டான். வேலி அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. தாண்டி நிற்க இவனுக்கு என்ன கேடு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னாங்க இது? வேலிக்கு அந்தாண்ட போங்க.”

அவள் பேச்சு அவனுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

“பேஜார் பண்ணாத. கெட்டியா இருக்குது பாரு.”

ஊரில் தோல் பதனிடும் டேனரியில் காய்ந்த சுண்ணாம்புச் சேற்றின்மேல் நடக்குமுன் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்ப்பார்கள். அதே பழக்கத்தில் இங்கேயும் மிதித்துக் காட்டினான்.

அவனுக்கும் வேலிக்கும் நடுவே புல்லில் கறுப்பாக ஒரு கோடு பிளந்து ஓடியது. தேவகி கத்தினாள். அந்தச் சத்தம் போய்ச் சேருவதற்குள், இன்னும் ஓங்கி மிதிக்க அவன் காலைத் தூக்கியிருந்தான்.